மலைமேல் உலை வைக்க: நெடுநாள் முகாம்களுக்கான எரிபொருள் பற்றி ஓர் ஆய்வு

இமயமலைக்கு இரண்டு வாரப் பயணம் கிளம்பும் குழுக்கள் கூடாரத்தைப் பற்றியும் காலணியைப் பற்றியும் மாதக்கணக்கில் பேசுகின்றன. எரிபொருளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசி நாளில், லே கடைத்தெருவிலோ மணாலியிலோதான் எழுகிறது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு மேலே போகிறார்கள். முதலில் செய்ய வேண்டிய வேலையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஊரில் எரிவாயு தீர்ந்தால் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். பனிக்கோட்டுக்கு மேலே குடிதண்ணீரே அடுப்பிலிருந்துதான் வருகிறது. அங்கே எரிபொருள் தீர்ந்த குழுவுக்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

1952 மே மாதக் கடைசியில் எவரெஸ்டின் தென்கிழக்கு முகட்டில், ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில், டென்சிங் நோர்கேயும் சுவிட்சர்லாந்தின் ரேமோன் லாம்பேரும் ஓர் இரவைக் கழித்தார்கள். அவர்களிடம் அடுப்பு இல்லை, உறங்கும் பையும் இல்லை. ஒரு டப்பாவில் பனிக்கட்டியைப் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கி, நாக்கை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் உச்சிக்குச் சுமார் 250 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பினார்கள். ஆக்சிஜன் கருவி சரியாக வேலை செய்யாததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் உயரத்தில் உடல் தளர்வதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை எவ்வளவு பெரிய காரணம் என்பதை நன்கு உணர்ந்தவர், அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழுவோடு போன உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ. மலையேறுபவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மூன்று லிட்டருக்குக் குறையாமல் நீராகாரம் அருந்த வேண்டும், அதற்குப் போதுமான அடுப்பும் எண்ணெயும் மேல் முகாம்கள் வரை போய்ச் சேர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1953 மே 29 காலை, ஹிலாரியின் உறைந்துபோன காலணிகளைப் பிரைமஸ் ஸ்டவ்வில் காட்டி இளக்கியதும், அவரும் டென்சிங்கும் சூடான எலுமிச்சைப் பானம் குடித்துவிட்டுக் கிளம்பியதும் கடைசி முகாமில் எண்ணெய் இருந்ததால்தான் முடிந்தது.

பனியை உருக்கும் கணக்கு

எரிபொருள்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒரு கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். சமையல் எரிவாயு கிலோவுக்குச் சுமார் 46 மெகா ஜூல் தருகிறது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் 43, எத்தனால் 27, மெத்தனால் 20, நன்றாகக் காய்ந்த விறகு 15 முதல் 18 வரை. இந்த எண்கள் சரியானவைதாம். ஆனால் இவற்றை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் எரிவாயுவே எங்கும் முதலிடம் பெற வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. எரிபொருளோடு அது அடைபட்டிருக்கும் கலமும் சேர்ந்தே முதுகில் ஏறுகிறது.

நான்கு பேர், பனி மட்டுமே கிடைக்கும் முகாமில் பதினைந்து நாள் தங்குவதாக வைத்துக்கொள்வோம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாலு லிட்டர் என்றால் மொத்தம் 240 லிட்டர் தண்ணீர் வேண்டும். பனியின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி. 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியில் கொதித்துவிடும். ஒரு கிலோ பனியைச் சுழி டிகிரிக்குக் கொண்டுவர 21 கிலோ ஜூல், உருக்க 334, உருகியதைக் கொதிக்கவைக்க 356. ஆக 710 கிலோ ஜூலுக்குச் சற்று மேல். இதே முகாமின் பக்கத்தில் 10 டிகிரியில் ஓர் ஓடை ஓடினால் 315 போதும். தண்ணீர் இருக்கும் இடத்தில் முகாம் போட்டால் எரிபொருள் பாதிக்கும் கீழே குறைகிறது. எந்த விலையுயர்ந்த அடுப்பாலும் இந்த அளவு மிச்சம் பிடிக்க முடியாது.

எரியும் வெப்பத்தில் பாதி காற்றோடு போய்விடும் என்று வைத்துக்கொண்டால், பனி முகாமில் அந்த 240 லிட்டருக்கு மண்ணெண்ணெய் 10 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 8 கிலோ அளவுக்குச் செலவாகும். எத்தனால் என்றால் 16 லிட்டர், 12 கிலோவுக்கு மேல். திருகு மூடி போட்ட 230 கிராம் எரிவாயு டப்பாக்கள் என்றால் 32 வேண்டும். உள்ளே இருக்கும் வாயு ஏழரைக் கிலோதான். வெறும் டப்பா ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் என்பதால் இரும்பு மட்டும் ஐந்து கிலோவை நெருங்கும், அதைத் திரும்பவும் கீழே சுமந்து வரவேண்டும். வீட்டு சிலிண்டரில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 14.2 கிலோ வாயுவைச் சுமக்க ஏறத்தாழ 15 கிலோ இரும்பு. கோவேறு கழுதை ஏறும் பாதை வரை அது சரிப்படும். அதற்கு மேல் மனித முதுகில் அதை ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

காற்று வீசும்போது இந்தக் கணக்கு தலைகீழாகும். மறைப்பு இல்லாத அடுப்பு சாதாரணக் காற்றிலேயே இரு மடங்கு எரிபொருளைத் தின்னும். மூடி போடாத பாத்திரமும் எரிபொருளை வீணாக்கும்.

மண்ணெண்ணெய்

பம்பு ஸ்டவ்வை நம் வீடுகள் நன்றாக அறியும். பர்னர் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டோ எண்ணெயோ ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடேறியதும் பம்பு அடிப்பார்கள். நிப்பிளில் அடைப்பு இருந்தால் பின் போட்டுக் குத்துவார்கள். இரைச்சலோடு நீலச் சுடர் எழும். சுவீடனின் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. அதற்கு முன்பிருந்த திரி அடுப்புகள் புகையும் கரியும் கக்கின. காற்றழுத்தம் எண்ணெயை மேலே தள்ள, சூடான குழாயில் அது ஆவியாகி, நுண்ணிய துளை வழியே பீய்ச்சி எரிவது பிரைமஸின் உத்தி. துருவப் பயணிகள் அதை உடனே எடுத்துக்கொண்டார்கள். நான்சென், அமுண்ட்சென், ஸ்காட் மூவரின் பயணங்களிலும் அதுவே அடுப்பு.

தென்துருவத்தில் அமுண்ட்செனுக்கும் ஸ்காட்டுக்கும் நேர்ந்ததை எரிபொருள் பற்றி எழுதும் எவரும் தவிர்க்க முடியாது. வழிநெடுகக் கிடங்குகளில் இருவருமே மண்ணெண்ணெய் டின்களை வைத்துச் சென்றார்கள். ஸ்காட்டின் டின் மூடிகளில் இருந்த தோல் வாஷர்கள் கடுங்குளிரில் இறுக்கம் இழந்தன. 1912 பிப்ரவரி, மார்ச்சில் திரும்பி வந்தவர்கள் கிடங்குக்குக் கிடங்கு எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டார்கள். சூடான உணவும் குறைந்தது, உருக்கிய தண்ணீரும் குறைந்தது. அடுத்த கிடங்குக்குச் சுமார் 18 கிலோமீட்டர் முன்னால் அவர்கள் பயணம் முடிந்தது. கடுங்குளிர், ஊட்டக்குறைவு, நோய் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன என்பது உண்மை. ஆனால் அமுண்ட்சென் தம் டின்களின் வாயை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். அவர் குழு விட்டுவந்த ஒரு டின்னைச் சுமார் ஐம்பது ஆண்டு கழித்துக் கண்டெடுத்தபோது எண்ணெய் குறையாமல் இருந்தது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் நேரடியானது. எண்ணெய் வாங்கிய அன்றே கேனைக் கவிழ்த்து ஓரிரவு வைத்துப் பார்க்க வேண்டும். கசியும் கேன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போனால் எண்ணெயும் போகும், அரிசியும் போகும்.

மண்ணெண்ணெயின் பலங்கள் மலைக்கென்றே அமைந்தவை. மைனஸ் 30 டிகிரியிலும் அது திரவமாகவே இருக்கும். டீசல் அப்படியல்ல, லடாக்கின் குளிரில் இறுகிப்போகும் என்பதால்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை 2019இல் கொண்டுவந்தது. மண்ணெண்ணெயின் ஆவி சாதாரண வெப்பத்தில் எளிதில் தீப்பற்றாது. அதற்கு 35 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். பெட்ரோலின் ஆவியோ பனிக்குளிரிலும் பொறி பட்டவுடன் பற்றும். 1984 முதல் சியாச்சினில் நிற்கும் நம் வீரர்களின் அடுப்பும், கூடாரத்தைச் சூடாக்கும் புகாரியும் மண்ணெண்ணெயை நம்பியே நெடுங்காலம் இருந்திருக்கின்றன.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நாற்றம் பாத்திரத்திலும் கையிலும் ஒட்டிக்கொள்ளும். சூடேற்றும் பொழுதில் அவசரப்பட்டுப் பம்பு அடித்தால் மஞ்சள் சுடர் முழ உயரத்துக்கு எழும். கூடார வாசலில் அது விபத்து. பராமரிக்கத் தெரிய வேண்டும். முன்பு தெருவுக்குத் தெரு ஸ்டவ் ரிப்பேர் செய்பவர்கள் வருவார்கள். வாஷர் மாற்றி, நிப்பிள் மாற்றி, அரை மணியில் அடுப்பைப் பேசவைத்துவிடுவார்கள். அந்தத் தொழில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆகவே பம்பு வாஷரைக் கழற்றி எண்ணெய் தடவி மாட்டவும், நிப்பிளைத் துடைக்கவும் குழுவில் இருவருக்காவது கைப்பழக்கம் வேண்டும். இருவர் என்று சொல்வதற்குக் காரணம், தெரிந்தவர் ஒருவரே இருந்து அவர் நோயில் படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ரேஷனில் வழங்கும் நீல மண்ணெண்ணெய் ஏழை வீடுகளுக்கானது. பயணிகள் அதைப் பெற முயல்வது தவறு. டெல்லி, ஹரியாணா, பஞ்சாப் போன்றவை அந்த ஒதுக்கீட்டையே கைவிட்டுவிட்டன. மானியமில்லாத வெள்ளை மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்பதைப் பயணத்துக்கு முன்பே உள்ளூர் முகவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எரிவாயு டப்பா

திருகினால் எரியும், மூடினால் அணையும். நாற்றமில்லை, கரியில்லை, சூடேற்றும் வேலையில்லை. ஒருவர் இருவராக நாலைந்து நாள் போய்வருபவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாட்கள் கூடும்போதும் குளிர் கூடும்போதும்தான் கேள்வி எழுகிறது.

டப்பாவுக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமான வாயு. அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். சாதாரண பியூட்டேன் கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் டப்பா நிறைய வாயு இருந்தும் அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. ஆகவேதான் மலைக்கென்று விற்கும் டப்பாக்களில் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீள டப்பாக்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அவை போதும். ரோதாங் கணவாய்க்கு அப்பால் விடியற்காலையில் அவற்றை நம்பக் கூடாது.

கலவை டப்பாவிலும் ஒரு நுட்பம் உண்டு. எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முதலில் வெளியேறிவிடும். எரிய எரிய டப்பா தானே குளிர்ந்தும் போகும். புது டப்பா சீறிக்கொண்டு எரிய, பாதி தீர்ந்தது சோம்பி எரிவது இதனால்தான். உயரம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் 5,000 மீட்டரில் பியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 16 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதே குளிரில் கடல்மட்டத்தில் அணைந்துபோகும் அடுப்பு மேலே எரிவதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு, காரணம் இதுதான். டப்பாவை இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்வது, எரியும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவது இரண்டும் பயன் தரும். சுடரின் சூட்டைத் திருப்பி டப்பாவின் மேல் விழச் செய்யும்படி சுற்றிலும் மறைப்புக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். நீளக் குழாயில் இணைந்து, டப்பாவைக் கவிழ்த்துத் திரவமாகவே வாயுவை எடுக்கும் அடுப்புகள் கடுங்குளிருக்கு ஏற்றவை.

வீட்டு சிலிண்டரிலிருந்து சிறு டப்பாவில் வாயு நிரப்பித் தரும் கடைகள் மலையடிவார ஊர்களில் இருக்கின்றன. சமையல் சிலிண்டர் வாயுவின் கலவை வேறு, அழுத்தம் வேறு. மெல்லிய டப்பா அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே வாங்காதீர்கள்.

பெரிய குழு, சுமை விலங்கு ஏறும் முகாம், பத்து நாளுக்கு மேல் தங்கல் என்றால் 5 கிலோ சிலிண்டரும் இரட்டை அடுப்பும் நல்ல ஏற்பாடு. முகவரிச் சான்று இல்லாமலே விற்கப்படும் அந்தச் சிறு சிலிண்டர்கள் இன்று பல ஊர்களில் கிடைக்கின்றன. இந்திய மலையேற்ற முகாம்களின் சமையல் கூடாரங்களில் மண்ணெண்ணெயின் இடத்தைப் பெரும்பாலும் எரிவாயுவே பிடித்துவிட்டது. அது நல்லதே. சமையல்காரர்கள் பல மணி நேரம் மூடிய கூடாரத்தில் நிற்கிறார்கள், அவர்களுடைய நுரையீரலுக்கும் நாம் பொறுப்பு.

மற்றவை

ஸ்பிரிட் அடுப்பு எடையில் மிகக் குறைந்தது. உடைய அதில் எதுவும் இல்லை. சுவீடனின் டிராங்கியா நிறுவனத்தின் பித்தளை அடுப்பை வடக்கு ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகளும் தூக்கிப் போகிறார்கள். நம் நாட்டில் அது வேர்விடாததற்குச் சட்டமும் துயரமும் காரணம். ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். மெத்தனால் கலந்த சாராயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மெத்தனால் விற்பனையில் கட்டுப்பாடு இறுக வேண்டியதுதான். எத்தனால் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து எரிகிற அடுப்பில் ஊற்றிக் கை வெந்தவர்கள் உண்டு. நெடுநாள் முகாமுக்கு இது வேண்டாம்.

பெட்ரோல், வெள்ளை நாப்தா இரண்டும் ஒரே இனம். பல எண்ணெய்களை எரிக்கும் அமெரிக்க அடுப்புகள் நாப்தாவை நினைத்துச் செய்யப்பட்டவை. இந்தியாவில் அது அரிது. பெட்ரோல் எங்கும் கிடைக்கிறது, ஆனால் இப்போது அதில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில வகை ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹெக்சமின் என்ற திட எரிபொருள் வில்லைகள் ராணுவப் பொட்டலங்களில் நெடுங்காலமாக உண்டு; ஒரு குவளைத் தேநீருக்குச் சரி. அவசரப் பையில் நாலைந்து கிடப்பது நல்லது.

மின்சாரத்தைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள, ஒரு யூனிட் மின்சாரம் தாங்கும் மின்கலப் பெட்டியில் இருப்பது 3.6 மெகா ஜூல்தான். இண்டக்‌ஷன் அடுப்பின் திறமையைக் கணக்கில் சேர்த்தாலும் அது சுமார் 130 கிராம் எரிவாயுவுக்குச் சமம். கார் போகும் இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சூரிய அடுப்பு அப்படியல்ல. லடாக்கிலும் திபெத்திலும் வீட்டு முற்றங்களில் குழிந்த பளபளப்புத் தட்டுகள் தண்ணீர் கொதிக்கவைப்பதை எங்கும் காணலாம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கும் ஆய்வுக் குழுக்கள் பகல் தண்ணீரை அதில் காய்ச்சினால் பெருமளவு எண்ணெய் மிச்சமாகும். ஏன் இன்னும் அதிகம் பேர் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

விறகு: எங்கே ஆம், எங்கே கூடாது

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் கீதாரிகள்தாம் நம்மில் உண்மையான நெடுநாள் வெளிவாசிகள். அவர்கள் மூன்று கல்லைக் கூட்டி, சீமைக் கருவேலச் சுள்ளியை எரித்து உலை வைக்கிறார்கள். அங்கே அதைவிடப் பொருத்தமான எரிபொருள் இல்லை. அறுவடை முடிந்த நிலம், வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் அயல் மரம், காசு செலவில்லை, சுமக்க வேண்டியதில்லை. சாங்தாங் மேட்டுநிலத்தின் சாங்பா இடையர்கள் யாக் சாணத்தை எரிப்பதும் இதே நியாயத்தில்தான். அந்தந்த நிலத்தில் வாழ்பவர்கள் அந்தந்த நிலம் தாங்குவதை எரிக்கிறார்கள். வெளியிலிருந்து போகும் நாம் அதே சாணத்தை விலைக்குக் கேட்கத் தொடங்கினால் அவர்களுடைய குளிர்காலச் சேமிப்பு குறையும். நம் எரிபொருளை நாமே கொண்டு போக வேண்டும்.

மரக்கோட்டை ஒட்டிய உயரங்களில் ஜூனிபர் புதர் கட்டைவிரல் பருமனாக வளரவே பல பத்தாண்டுகள் ஆகும். ஓர் இரவுக் குளிர்காய அதை வெட்டி எரித்தால் அந்தச் சரிவு ஒரு தலைமுறைக்கு மொட்டையாகும். நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கு மலையேற்றம் பெருகிய நாட்களில் இதைக் கண்கூடாகக் கண்டது. 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைந்தபின் அங்கே வெளியார் விறகு எரிக்கத் தடை வந்தது. அன்னபூர்ணாப் பகுதியில் 1986இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம், மேலே போகும் குழுக்கள் மண்ணெண்ணெயோ எரிவாயுவோதான் எரிக்க வேண்டும் என்றது. வெறுமனே தடை போட்டு நிறுத்தாமல், சோம்ரோங் கிராமத்தில் மண்ணெண்ணெய்க் கிடங்கையும் ஏற்படுத்தியது. மாற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் தடுத்ததால்தான் அந்த விதி வேரூன்றியது. இந்திய இமயத்தின் பல நுழைவூர்களில் இன்னும் அத்தகைய கிடங்கு இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காரணம் வேறு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882, காப்புக் காடுகளில் தீ மூட்டுவதைத் தடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களில் தடுக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றம் போனவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ மேல்நோக்கி எவ்வளவு விரைவாக ஏறும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம். பிப்ரவரி முதல் மழை வரும் வரை நம் மலைகளில் விறகு அடுப்பு மட்டுமல்ல, எந்தத் திறந்த சுடரும் கூடாது என்பது என் நிலை. அந்த மாதங்களில் சப்பாத்தி, புளியோதரை, அவல், கடலை உருண்டை என்று தீயில்லா உணவோடு போய்வரலாம். நம் சமையலில் அதற்குப் பஞ்சமில்லை.

ரயிலில் ஏற்றாதீர்கள்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இமயத்துக்குப் போகிறவர்கள் எரிபொருளை இங்கிருந்தே கொண்டுபோக நினைப்பது இயல்பு. விமானத்தில் எந்த எரிபொருளும் ஏற முடியாது. எண்ணெய் வாடை போகாத பழைய அடுப்பையே நிறுத்திவிடுவார்கள். ரயிலிலும் எரிவாயு, மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்டவ் அனைத்தும் சட்டப்படி தடை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்தது. லக்னோவிலிருந்து கோயில் யாத்திரையாக வந்தவர்கள், பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரைப் பற்றவைத்தபோது நேர்ந்தது அது. ஒன்பது பேர் மாண்டார்கள். ஆகவே எரிபொருள் என்பது போகிற ஊரில் வாங்கும் பொருள். எந்த அடுப்பு என்ற கேள்விக்கு முன்னால், கடைசிச் சந்தை ஊரில் எந்த எரிபொருள் கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும் என நான் சொல்வது இதனால்தான்.

குக்கரும் நச்சுக்காற்றும்

4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியில் கொதிப்பதால் துவரம்பருப்பு அங்கே வேகாது; எண்ணெய்தான் வேகும். குக்கர் விசில் வரும் நிலையில் உள்ளே 114 டிகிரி வரை எட்டும். நாலு பேருக்கு மேல் உள்ள குழு குக்கரின் எடைக்கு அஞ்சக் கூடாது, நெடுநாள் தங்கலில் அது தன் எடையை எண்ணெயாகத் திருப்பித் தந்துவிடும். பருப்பை முந்தின இரவே ஊறவைப்பது, துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு, அரிசிக்குப் பதில் வறுத்த ரவை அல்லது அவல், முதல் விசிலில் இறக்கித் துணியில் சுற்றி வைப்பது இவையெல்லாம் எரிபொருளைச் சேமிக்கும் வழிகள். சமையல் பட்டியலையும் எரிபொருள் பட்டியலையும் ஒரே தாளில் எழுதும் குழுவுக்குப் பற்றாக்குறை வராது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எந்த எரிபொருளும் மூடிய கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு எழுப்பும். அதற்கு நிறமோ வாடையோ இல்லை. தலைவலியும் வாந்தியும் வரும்போது உயரநோய் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். 1934இல் அண்டார்டிகாவில் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழித்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட், அடுப்புப் புகைக்குழாயிலிருந்தும் மின்னாக்கியிலிருந்தும் வந்த இந்த வாயுவால் சாவின் விளிம்புக்குப் போனார். அவருடைய வானொலிச் செய்திகள் தடுமாறுவதைக் கவனித்துத்தான் தோழர்கள் மீட்க வந்தார்கள். பனிபெய்யும் இரவில் கூடார வாசலை இறுக மூடிக்கொண்டு சமைக்கத் தோன்றும். மேலும் கீழும் காற்றுவழி விட்டு, வாசல் முற்றத்தில் மட்டும் சமையுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். உறங்குபவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது.

என் தீர்ப்பு இது. ஒருவர் இருவர், ஒரு வாரத்துக்குள், பனி உருக்கத் தேவையில்லை என்றால் கலவை எரிவாயு டப்பா. பெரிய குழு, சுமை விலங்கு வரும் அடிவார முகாம் என்றால் 5 கிலோ சிலிண்டர், கூடவே குக்கர், வாய்ப்பிருந்தால் சூரிய அடுப்பு. அதற்கும் மேலே, பத்து நாளுக்கு மேல், பனியை உருக்கியே வாழ வேண்டும் என்றால் இன்றைக்கும் மண்ணெண்ணெய்தான். எளிதில் கழற்றிச் சீர்செய்யக்கூடிய அழுத்த அடுப்பு இரண்டு, ஒன்று பழுதானால் மற்றொன்று. கணக்கிட்டதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்புயலில் இரண்டு நாள் அடைபட்டுக் கிடக்க நேர்வது அங்கே விதிவிலக்கு அல்ல. காலி டப்பாக்களை ஒன்றுவிடாமல் கீழே கொண்டுவாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டு மொட்டைமாடியில் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய் போகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். வெளியார் சொல்லும் எந்த எண்ணையும்விட, இந்தக் கட்டுரையில் நான் தந்த எண்களையும்விட, உங்கள் அடுப்பில் உங்கள் பாத்திரத்தில் அளந்த அந்த எண்ணை நம்பி எண்ணெய் வாங்குங்கள்.